ஒரே பைப்பில் இரண்டு ஒயர்

அத்தியாயம் 6

சுவருக்குள் யாரோ முனகினார்கள்.

தேவயானி பின்வாங்கிய வேகத்தில் ஜெயத்தின் காலை மிதித்துவிட்டாள்.

"அக்கா, பெரியவரு இன்னும் வீட்டைக் காலி பண்ணல போலக்குது," என்றாள்.

ஜெயம் சிரிக்கவில்லை. காலை மெல்ல உருவிக்கொண்டு, முனகல் வந்த இடத்தைப் பார்த்தாள். சமையலறையின் பின்கதவுக்குப் பக்கத்தில், மார்பளவு உயரத்தில், சுவரில் ஒரு இன்டர்காம் பெட்டி இருந்தது. முகப்பு முழுக்க ஸ்டீல் தகடு. நடுவில் பேசுவதற்கு அழுத்தும் பட்டன், அதுவும் ஸ்டீல். தகட்டில் குத்தியிருந்த சிறு துளைகள் வழியாக அந்த ஓசை வந்துகொண்டிருந்தது. வலியைப் பொறுத்துக்கொள்கிற ஒருவர் பல்லைக் கடித்தபடி முனகுவது போல.

"மோட்டார் ஓடுதுங்க," என்றாள் ரோஸ்லின். அழுது அழுது அவள் குரலே கரகரத்துப் போயிருந்தது. "முத்தத்துக்கு அந்தாண்ட, நாங்க இருக்கிற பின்வீட்டுல எங்க வீட்டுக்காரரு தண்ணி ஏத்துறாரு. மோட்டார் போட்டா இது இப்படித்தான் முனகும். வச்ச நாள்லேர்ந்தே. நிறுத்தினா நின்னுடும்."

சொல்லி வாய் மூடுமுன் ஓசை நின்றது. நின்ற பிறகுதான் தேவயானிக்கு அதிகப் பயமாக இருந்தது.

போன வாரம் இதே பட்டனில்தான் ரோஸ்லினின் அப்பா பெரியநாயகம் கை வைத்தார். வைத்த கையை எடுக்க அவரால் முடியவில்லை.

இந்த வீட்டுக்கு ஒயர் இழுத்த லூர்து பிரகாஷ் இப்போது இதே திண்டிவனத்தில் ஒரு காவல் நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நாளைக் காலை கோர்ட். ஜெயமும் தேவயானியும் விழுப்புரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கியதும் முதலில் அவனைத்தான் பார்த்தார்கள். எதைக் கேட்டாலும் அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"நான்தாங்க கொன்னேன். முத்தத்துல புதுசா டைல்ஸ் போட்டிருந்தாங்க. மோட்டாருக்குப் போற பைப்பு அடியில ஏற்கெனவே கெடந்துச்சு. அதுலயே இன்டர்காம் ஒயரையும் சேத்து இழுத்துட்டேன். பெரிய கரண்டும் சின்ன கரண்டும் ஒரே பைப்புல போவக்கூடாதுங்க. தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சேன்."

வெளியே வந்ததும், அவர்களை வரவழைத்த அவன் மனைவி லூர்துசெல்வி ஜெயத்தின் கையில் ஒரு டெஸ்டரைத் திணித்தாள். மின்சாரம் பட்டால் உள்ளே சிவப்பாக எரியும், பிடி தேய்ந்துபோன சாதாரண டெஸ்டர். "இது அவரு சட்டைப் பையில எப்பவும் இருக்கும். உள்ள எடுத்துக்கினு போவக்கூடாதுன்னுட்டாங்க. நீங்க வச்சிக்கோங்கக்கா. தன்னைத்தானே கொலைகாரன்னு சொல்லிக்கினு இருக்காரு. நாளைக்கி ஜட்ஜ் ஐயா கேட்டாலும் அதையேதான் சொல்லுவாரு. அதுக்குள்ள யாராவது அவருக்கு வேற பதில் சொல்லிக் குடுங்க."

பைப்பில் மழைத்தண்ணீர் இறங்கி, மோட்டார் ஒயரின் மேல்தோல் கிழிந்து, அந்த மின்சாரம் பக்கத்தில் கிடந்த இன்டர்காம் ஒயரில் ஏறி, பட்டன் வரை வந்துவிட்டது. போலீஸ் சொன்னது இவ்வளவுதான். தேவயானிக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஜெயத்துக்குத் தெரிந்ததா என்பது ஜெயத்துக்கே வெளிச்சம். ஐம்பது வயதைத் தாண்டிய அந்த அம்மாள், ஒரு முடிவுக்கு வரும்வரை முகத்தில் எதையும் காட்டுவதில்லை.

தேவயானி அப்படி இல்லை. பயம் வந்தால் அவளுக்கு வாய் நிற்காது. ஜெயத்தின் துப்பறியும் ஆபீஸில் போன் எடுக்கத்தான் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். வந்தவர்கள் எல்லாம் 'இந்தப் பொண்ணு செம தைரியம், எமன் வந்தாலும் கலாய்க்கும்' என்று சொல்லப்போய், ஜெயம் அவளை எல்லா இடத்துக்கும் கூட்டிப்போக ஆரம்பித்தாள். அந்தப் பேச்சு தைரியம் இல்லை, இருட்டில் நடப்பவர்கள் பாட்டுப் பாடுவது போன்ற ஒன்று என்பது தேவயானிக்கு மட்டும் தெரியும்.

அதிலும் மின்சாரம். அவள் மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். கடலைப் பார்த்து அவள் பயந்ததில்லை. கடல் கோபப்பட்டால் அதன் நிறம் மாறும், வாசனை மாறும், ஒரு நாள் முன்பே சொல்லிவிடும். ஒரு புயல் ஓய்ந்த காலையில் அறுந்த கம்பி ஒன்று குட்டைத் தண்ணீரில் கிடந்தது. தண்ணீர் எப்போதும் போலத்தான் இருந்தது. வானம்கூட அதில் தெரிந்தது. அத்தை வீட்டு ஆடு குடிக்கக் குனிந்தது. குனிந்தபடியே நின்றுவிட்டது. மின்சாரத்துக்கு முகமே கிடையாது என்று அன்று அவளுக்குத் தெரிந்தது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஒன்றை எப்படி நம்புவது? இன்றுவரை அவள் புடவைத் தலைப்பால் கையைச் சுற்றிக்கொண்டுதான் சுவிட்சைப் போடுவாள்.

பின்கதவு திறந்தது. ரோஸ்லினின் கணவர் ஸ்டீபன்ராஜ் ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி உள்ளே வந்தார். கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவர். அதற்கேற்ற கனிந்த குரல்.

"வெயிட் பண்ண வச்சிட்டனா மேடம்? தண்ணி ஏத்திக்கினு இருந்தேன். ரோஸ்லின், இவங்களுக்கு ஒரு காபிகூடக் குடுக்கலையா?"

"காபி இருக்கட்டும் சார்," என்றாள் ஜெயம். "அன்னிக்கி நடந்ததைச் சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்றது? மழை, பயங்கர இடி. நான் பின்வீட்டுல இருந்தேன். மாமா கத்தின சத்தம் கேட்டு முத்தத்தைத் தாண்டி ஓடியாந்தேன். பட்டன்ல கையை வச்சபடி நிக்கிறாரு. தொட்டா நானும் போயிருவேன். அப்படியே முன்பக்கம் ஓடி மெயினை ஆஃப் பண்ணேன். அப்பறந்தான் மாமா கீழ விழுந்தாரு." அவர் கண் கலங்கியது. "கொஞ்சம் முன்னாடி ஆஃப் பண்ணியிருந்தா பொழச்சிருப்பாரு மேடம்."

"நீங்க எங்கம்மா இருந்தீங்க?" என்று ரோஸ்லினைக் கேட்டாள் ஜெயம்.

"மாடியில. மல்லாட்டை காயப்போட்டிருந்தேன். மழை புடிச்சிக்கிச்சின்னு அந்தக் கடலையை அள்ளப் போயிட்டேன்."

"அன்னிக்கும் மோட்டார் ஓடிச்சா சார்?"

"இல்ல மேடம். ஆனா ஒயர்ல கரண்டு இருக்குமில்ல, பைப்புக்குள்ள."

"ரெண்டு ஒயரும் ஒரே பைப்புல போறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? பைப்புக்குள்ள நான் என்ன எட்டியா பாத்தேன்?" ஸ்டீபன்ராஜ் வருத்தமாகச் சிரித்தார். "ஆனா பிரகாஷ் மேல எனக்குக் கோவம் கெடையாது. பாவம், வேணும்னா செஞ்சான்? அவன் குடும்பத்துக்காக ஜெபம் பண்ணச் சொல்லி ஃபாதர்கிட்ட நானே கேட்டிருக்கேன்."

தேவயானிக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. துக்கத்திலும் அடுத்தவன் குடும்பத்தை நினைக்கிற மனிதர். இப்படி ஒருவர் பக்கத்தில் நின்றதில் அந்தப் பெட்டிமேல்கூடப் பயம் கொஞ்சம் குறைந்தது.

மெயின் பலகை வாசல் நடையில் இருந்தது. ரோஸ்லினை விட்டுவிட்டு மற்ற மூவரும் அங்கே போனார்கள். பழைய மரப்பலகை, பழைய இரும்பு சுவிட்ச், அதன் கீழே ஃப்யூஸ் கட்டைகள் உட்காரும் பீங்கான் இருக்கைகள். வருஷக் கணக்கில் புகையும் தூசும் படிந்து அவை தேநீர் நிறத்துக்கு வந்திருந்தன. அதில் செருகியிருந்த கட்டைகள் மட்டும் பளிச்சென்ற வெள்ளை.

தேவயானி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "தாத்தாவுக்குப் பல் செட்டு கட்டின மாதிரி இருக்குதுக்கா. ஈறு பழசு, பல்லு புதுசு."

ஸ்டீபன்ராஜ் சிரித்தார். அந்தச் சின்ன நகைச்சுவைக்கு வேண்டியதைவிடச் சற்று அதிக நேரம் சிரித்தார்.

"போலீஸ் எதையும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க மேடம். பைப்பைக்கூட இன்னும் சரி பண்ணல. ரோஸ்லினைத்தான் ஜாக்கிரதையா இருக்கச் சொல்லிக்கினு இருக்கேன்."

"அதுதான் சரி," என்றாள் ஜெயம். "நாங்க விழுப்புரம் கெளம்புறோம்."

கேட்டுக்கு வெளியே வரும்போது மேற்கே வானம் உறுமியது. வழியனுப்ப வந்த ரோஸ்லின் அண்ணாந்து பார்த்தாள். "அப்பா இருந்தா இந்நேரம்..." என்று ஆரம்பித்தவள் முடிக்க முடியாமல் உள்ளே போய்விட்டாள்.

மேம்பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில் ஜெயம் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். மழை தூற ஆரம்பித்திருந்தது.

"கேஸ் அவ்ளோதானாக்கா?"

"அந்தப் பல்லு பேச்சை மறுபடி சொல்லு."

"நல்லா இருந்துச்சில்ல? எனக்கே தெரியும். ஈறு பழசு, பல்லு..."

"புதுப் பல்லு கட்டினா, பழைய பல்லு எங்க போச்சு?"

ஜெயம் போனை எடுத்து லூர்துசெல்வியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"லூர்துசெல்வி, பெரியநாயகம் ஐயா வீட்டு ஃப்யூஸ் கட்டையைப் பத்தி உங்க வீட்டுக்காரரு எப்பவாவது பேசியிருக்காரா?"

மறுமுனையில் அந்த நிலைமையிலும் ஒரு சிரிப்பு கேட்டது. "பேசாம? சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே! வானத்துல இடி இடிச்சாப் போதும், அந்த மனுசன் அத்தினி ஃப்யூஸ் கட்டையையும் புடுங்கி பட்டாபட்டி டிராயர் பையில போட்டுக்குவாராங்க. பலகையில வச்சா எவனாவது மாட்டிருவான்னு யாரையும் நம்பமாட்டாரு. நடந்தா டிராயருக்குள்ள கிணிங் கிணிங்னு சத்தம் கேக்குமாம். இடி நின்னு, காபி குடிச்சிட்டுத்தான் கட்டை வெளிய வரும்."

"பைப்பு விஷயம் ஸ்டீபன்ராஜுக்குத் தெரியுமா?"

"தெரியாம எப்படிங்க? ரெண்டும் ஒண்ணாப் போட்டா பெட்டி முனகும், ஆபத்தும்கூடன்னு இவரு சொல்லியிருக்காரு. பரவால்ல போடுப்பா, டைல்ஸை உடைக்காதன்னது அவருதான். அதைப் போலீஸ்ல சொல்லுய்யான்னா, செஞ்சது என் கைதானேங்கிறாரு, பேஜாரு புடிச்ச மனுசன்."

ஜெயம் போனை வைத்தாள்.

"அன்னிக்கி இடி," என்றாள் மெதுவாக. "பயங்கர இடின்னு அந்த ஆளே சொன்னான். இடின்னா கட்டை பெரியவர் டிராயர்ல. கட்டை இல்லன்னா வீட்டுல கரண்டு இல்ல. பைப்புல போற மோட்டார் ஒயரும் அந்தப் பலகையிலேர்ந்துதான் போவுது, அதுவும் வெறும் கம்பி. இல்லாத கரண்டு எப்படி இந்த ஒயர்லேர்ந்து அந்த ஒயருக்குத் தாவும்?"

தேவயானி அவள் பக்கம் திரும்பினாள். "அப்ப மெயினை ஓடிப்போய் ஆஃப் பண்ணேன்னாரே?"

"எதை ஆஃப் பண்ணான்? ஓடினது உண்மையா இருக்கும். பலகையில கட்டை இல்லாததைப் பாத்திருப்பான். இருக்கிற மாதிரி காட்டணும். தன் வீட்டுல இருந்த புதுக் கட்டையை எடுத்தாந்து சொருகிட்டான்."

அந்தக் கனிந்த குரல் தேவயானியின் காதில் திரும்ப ஒலித்தது. அந்த மனிதரின் பக்கத்தில் நின்றபோது பயம் குறைந்ததை நினைத்தாள். குட்டையில் வானம் தெரிந்ததும் நினைவுக்கு வந்தது.

"பழைய கட்டை கெடைச்சாத்தான் இதெல்லாம் நிக்கும்," என்றாள் ஜெயம். "ஆஸ்பத்திரியில குடுத்த துணியை அந்தப் பொண்ணு என்ன பண்ணிச்சோ. வண்டியை எடு, ஜல்தி."

தெருமுனையில் தண்ணீர் தேங்கியிருந்ததால் ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்கள். பின்வீட்டிலிருந்து பார்த்தால் முன்வாசல் தெரியாது. அவர்கள் திரும்பி வந்தது ஸ்டீபன்ராஜுக்குத் தெரிய வழியில்லை.

ரோஸ்லின் கதவைத் திறந்தபோது வீட்டுக்குள் பகலிலேயே இருட்டு.

"கரண்டு போச்சாங்க?" என்று கேட்ட தேவயானி, நடையைத் தாண்டும்போது பலகையைப் பார்த்தாள். ஈறு மட்டும் இருந்தது. ஒரு பல்கூட இல்லை.

"போவலைங்க. இடி இடிக்குதே, நான்தான் கட்டையைப் புடுங்கி வச்சிருக்கேன்." ரோஸ்லின் கூச்சத்துடன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். புடவைக் கொசுவத்துக்குள் செருகியிருந்தது புடைத்துத் தெரிந்தது. "அப்பா பண்ற மாதிரி. சும்மாதான். அவரு இங்கதான் எங்கேயோ நடந்துக்கினு இருக்கிற மாதிரி இருக்கும்."

"இதை ஏம்மா போலீஸ்ல சொல்லல?"

"எதைங்க? அவரு எப்பவும் பண்றதுதானே. யாரும் கேக்கலையே." பிறகுதான் கேள்வி அவளுக்குள் இறங்கியது. அவள் முகம் மாறியது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை, மாதா படத்துக்குக் கீழே, முடிச்சு அவிழ்க்காமல் இருந்தது. அதைத் திறக்க ரோஸ்லினுக்கு மனம் வரவில்லை. ஜெயமே திறந்தாள். சட்டை, வேட்டி, அதற்கடியில் கோடு போட்ட டிராயர். அதன் பெரிய பையில் கைவிட்டதும், கிணிங் என்றது.

தேநீர் நிறத்தில் பழைய பீங்கான் கட்டைகள்.

ரோஸ்லின் அவற்றைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. விரலால் ஒவ்வொன்றையும் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அந்த இன்டர்காமை யாரும்மா வைக்கச் சொன்னது?" ஜெயம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவருதாங்க. பகல் பூரா நான் இங்கதான் சமைப்பேன். அவருக்குச் சோறு வேணும்னா முத்தத்துல நின்னு கூப்பிடுவாரு. மழையில நீ நனையக்கூடாது, பட்டனை அழுத்திப் பேசுன்னு வச்சாரு." கையிலிருந்த கட்டைகளைப் பார்த்தாள். "முன்னாடியெல்லாம் அப்படி இருந்ததில்ல. விழுப்புரத்துல ஒரு பொண்ணு. பிரிஞ்சிடலாம்னு கேட்டாரு. எங்க கோயில்ல, ரெண்டு பேருல ஒருத்தர் சாவுற வரைக்கும் அந்தக் கட்டு அவுறாதுன்னு ஃபாதர் சொல்லிட்டாரு. அப்பறம் அந்தப் பேச்சையே எடுக்கல. ரொம்ப அன்பாயிட்டாரு."

மழை மாடித் தளத்தின்மேல் கொட்டியது. தேவயானிக்குச் சொல்ல ஒரு வேடிக்கையும் வாயில் வரவில்லை. வாய் நின்றுபோவது இவ்வளவு பயங்கரம் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

"ரோஸ்லின்," என்றாள் ஜெயம். "பெட்டி அடிச்சா இந்த வீட்டுல எப்பவும் யாரு போய்ப் பட்டனை அழுத்துவாங்க?"

"நான்தாங்க. அப்பா அதுகிட்டயே போவமாட்டாரு. அன்னிக்கி நான் மாடியில இருந்ததாலதான்..."

அவள் பட்டனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவன் உங்க அப்பாவைக் கொல்ல நெனைக்கல," என்றாள் ஜெயம். "அன்னிக்கி அந்த மல்லாட்டைதான்மா உங்களைக் காப்பாத்திச்சு."

அப்போது, கரண்டு இல்லாத அந்த வீட்டில், சுவர்ப் பெட்டி கர்ர்ர் என்று கத்தியது.

மூன்று பெண்களும் சுவரைப் பார்த்தார்கள். பெட்டி மறுபடி கத்தியது. ஃப்யூஸ் கட்டைகள் ரோஸ்லினின் இடுப்பில் இருந்தன. விளக்கு இல்லை, மின்விசிறி இல்லை. பெட்டி மட்டும் உயிரோடு இருந்தது.

"எங்கேர்ந்து...?" என்றாள் தேவயானி.

"பின்வீட்டுலேர்ந்து. அங்க தனி மீட்டர்," என்றாள் ஜெயம். "இந்த ஒயரோட மறுமுனை அவன் கையில இருக்குது. சின்ன கரண்டை அனுப்பினா மணி. பெரிய கரண்டை அனுப்பினா..."

கர்ர்ர். பிறகு நின்றது.

ரோஸ்லின் எழுந்தாள். அவள் எதையும் யோசித்து எழவில்லை. தினமும் அந்த மணி கேட்டால் எழுந்து நடக்கும் கால்கள், அவ்வளவுதான். அப்பாவின் கட்டைகளை ஒரு கையில் இறுக்கிக்கொண்டே நடந்தாள், மறுகை முன்னால் நீண்டது. தன் சாவைப் பற்றிக் கேட்ட அடுத்த நிமிஷமும் கணவன் கூப்பிட்டால் நடக்கிற பழக்கம்.

தேவயானி அவளுக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தாள். உடம்பெல்லாம் பின்னால் ஓடச் சொன்னது. இவளைத் தொடும் நேரத்தில் இவள் அதைத் தொட்டுவிட்டால், இரண்டு பேரும் அந்த ஆட்டைப் போலக் குனிந்தபடி நிற்க வேண்டியதுதான். அந்த நினைப்பு முடியுமுன் அவள் கை ரோஸ்லினின் பின்னலைப் பிடித்திருந்தது. இழுத்த இழுப்பில் இருவரும் அரிசி மூட்டைமேல் விழுந்தார்கள்.

ஜெயம் ரப்பர் செருப்போடு ஒரு பலகைமேல் ஏறி நின்று, லூர்து பிரகாஷின் டெஸ்டர் நுனியை ஸ்டீல் பட்டனில் வைத்தாள்.

இருட்டு சமையலறையில் ஒரு சின்னச் சிவப்புப் பொட்டு எரிந்தது.

அதுதான் அதன் முகம் என்று தேவயானி நினைத்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறாள். அதைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

சற்று நேரத்தில் பொட்டு அணைந்தது. பின்வீட்டில் யாரோ எதையோ பிடுங்கிவிட்டார்கள்.

பிறகு காலடிச் சத்தம். முற்றத்தில் இல்லை. பக்கவாட்டுச் சந்து வழியாக, தெருப்பக்கம் ஓடியது. அடுத்த கணம் வாசலிலிருந்து அந்தக் கனிந்த குரல் ஓலமாக எழுந்தது.

"ஐயோ, யாராவது ஓடியாங்களேன்! ரோஸ்லினுக்கும் கரண்டு அடிச்சிருச்சே! அந்தப் பாவிப்பய போட்ட ஒயரு என் பொண்டாட்டியையும் தின்னுடுச்சே!"

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் வல்லரசு குடையும் இல்லாமல் ஓடிவரும் சத்தம் கேட்டது. "இன்னாண்ணே? இன்னாச்சு?"

"மெயினை ஆஃப் பண்ணிட்டேன் வல்லரசு! இப்பதான் ஆஃப் பண்ணேன்! வா, உள்ள வா!"

இருவரும் நடையைத் தாண்டி ஓடிவந்தார்கள். சமையலறை வாசலில் ஸ்டீபன்ராஜ் நின்றுவிட்டார். அழுகைக்குத் தயாராகத் திறந்த வாய் அப்படியே இருந்தது. தரையில் உடல் இல்லை. மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள்.

வல்லரசு அவர்களைப் பார்த்தார், ஸ்டீபன்ராஜைப் பார்த்தார். "அண்ணி நல்லாத்தானே இருக்காங்க? நீ உள்ளயே வரல. கரண்டு அடிச்சிதுன்னு உனக்கு எப்படிண்ணே தெரிஞ்சிது?"

ரோஸ்லின் கலைந்த பின்னலை முதுகுக்குத் தள்ளினாள். கொசுவத்துக்குள் கைவிட்டு வெள்ளைக் கட்டைகளை எடுத்தாள். மற்றக் கையில் அப்பாவின் பழுப்புக் கட்டைகள். இரண்டு உள்ளங்கைகளையும் கணவருக்கு முன்னால் விரித்துக் காட்டினாள். எப்போதும் பேசுகிற மரியாதையோடுதான் பேசினாள்.

"மெயினை எப்படிங்க ஆஃப் பண்ணீங்க? அது என் இடுப்புல இருந்துச்சே."

ஸ்டீபன்ராஜ் பின்னால் திரும்பினார். வல்லரசு வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். ஜெயம் ஏற்கெனவே இன்ஸ்பெக்டரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

தேவயானி தன் போனை எடுத்தாள். முதல் மணியிலேயே லூர்துசெல்வி எடுத்தாள்.

"அக்கா, அண்ணன் செஞ்சது தப்புதான். அந்தப் பைப்பைத் தோண்டி எடுத்தே ஆவணும். ஆனா கொன்னது அவரு இல்ல. சாட்சி இருக்குது. நீங்க நேரா போய் இதை மொதல்ல அவருகிட்ட சொல்லுங்க. ஜட்ஜ்கிட்ட சொல்றதுக்கு வேற பதில் கெடைச்சிடுச்சின்னு சொல்லுங்க."

மறுமுனையில் அழுகை எழுந்தது. பிறகு அடங்கியது.

"அவரு டெஸ்டரு?" என்று கேட்டாள் லூர்துசெல்வி கடைசியில்.

தேவயானி சுவரைப் பார்த்தாள். பட்டன் பளபளத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதது போல இருந்தது.

"எரிஞ்சிதுக்கா," என்றாள். "நல்லா எரிஞ்சிது."